எழினி: ஆண் பிள்ளைக்கு ஓர் அரிய பெயரைத் தேடிச் சரிபார்த்து வைப்பது எப்படி

லாரிக்குப் பெயர் எழுதுவது என் தொழில். சேலம் சீலநாயக்கன்பட்டிப் பக்கம் பட்டறைகளில் முப்பத்தெட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாடி கட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில்தான் வண்டி என்னிடம் வரும். நெற்றியில் நடுவே குலதெய்வம், இரண்டு ஓரத்திலும் முதலாளியின் பிள்ளைகள் பெயர். ஒரு சுழி பிசகினாலும் அந்தப் பிசகு குவாஹாத்தி வரை போய்த் திரும்பும். அதனால் பிரஷைத் தொடும் முன் பெயரைத் தாளில் எழுதி வாங்குவேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். அப்புறம்தான் சாக்பீஸ் கோடு போடுவேன்.

சென்ற வருஷம் என் மகளுக்குப் பையன் பிறந்தான். எழினி என்று பெயர் வைத்தோம். "பையனுக்கா?" என்று கேட்காதவர் இல்லை. அந்தப் பெயரை எப்படித் தேடினோம், எப்படிச் சரிபார்த்தோம், எப்படிப் பதிந்தோம் என்று இங்கே எழுதுகிறேன். வேறு ஏதாவது பழைய பெயரை நீங்கள் மனதில் வைத்திருந்தாலும் இதே வழியில் போகலாம்.

பெயர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மருமகன் லாரி ஓட்டுகிறார். ஃபைனான்ஸில் எடுத்த சொந்த வண்டி. குழந்தை பிறந்த அன்று நாக்பூரிலிருந்து ஆரஞ்சு லோடு ஏற்றி வந்துகொண்டிருந்தார். மார்க்கெட்டில் வண்டியை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். காக்கிச் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கயிறு இழுத்து உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. இரண்டு ராத்திரி தூங்காத கண் அப்படியே சிவந்து கிடந்தது. அந்தக் கண்ணோடு குனிந்து குழந்தையைப் பார்த்தார். என்னோடு நின்றிருந்த நண்பர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகச் சொன்னார்: "கையது வேலே, காலன புனைகழல், மெய்யது வியரே..."

அது புறநானூற்றில் 100-ஆம் பாட்டு. போர்க்கோலத்தோடு வந்து, பிறந்த மகனைப் பார்த்து நின்ற அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடியது. கையில் வேல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஈரம் காயாத புண். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், மகனைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்று பாட்டு முடிகிறது. பாட்டுக்குள் குழந்தையின் பெயர் இல்லை. ஆனால் அந்த அதியமானின் மகனாக நமக்குத் தெரிந்தவன் பொகுட்டெழினி. அன்று ராத்திரியே மகளிடம் சொன்னேன். "எழினியா? கேக்க நல்லாத்தான் இருக்கு. அர்த்தம் என்னப்பா?" என்றாள்.

அர்த்தம் பார்ப்பது

இதில் அவசரப்படக் கூடாது. போனில் தேடியபோது வந்த பெயர்ப் பட்டியல்களில் எழினி என்றால் 'அழகானவள்' என்று இருந்தது. எழில் என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் யாரோ ஊகித்து எழுதியது அது. இப்படிப்பட்ட பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. பத்து இடத்தில் ஒரே பொருள் இருப்பதால் அது சரியாகிவிடாது. பெயரை அகராதியில் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இன்று அதை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் அகராதிகளும் சங்க நூல்களும் உரையோடு கிடைக்கின்றன. அகராதியில் எழினி என்றால் திரைச்சீலை.

மகளுக்கு முகம் வாடிவிட்டது. ஸ்கிரீன் துணி என்றா பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்றாள். அகராதிப் பொருளோடு நின்றுவிடாமல் அந்தச் சொல் வரும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்கத்தைச் சொல்லும்போது ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள் வருகின்றன. ஒன்று ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது. ஒன்று இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது. மற்றொன்று மேலேயிருந்து இறங்குவது. முல்லைப்பாட்டில், போருக்குப் போன அரசன் தங்கும் பாசறையில் 'திண் ஞாண் எழினி' வருகிறது. உறுதியான கயிற்றில் கட்டி, அரசன் படுக்கும் அறையைப் பிரித்துத் தொங்கவிட்ட திரை. தார்ப்பாயும் கயிறும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் இதை வாசித்துக் காட்டியபோது மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆளின் பெயராக வரும் எழினி, இந்தத் திரையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒலியில் இரண்டு சொல் இருப்பது தமிழில் சாதாரணம். எழு என்ற அடி இரண்டிலும் காதில் விழுகிறது. அதற்கு மேல் இழுத்து 'எழுச்சி உடையவன்' என்றெல்லாம் ஒட்டவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொகுட்டு என்ற சொல்லில் குழப்பமே இல்லை, தாமரைப் பூவின் நடுவில் இருக்கும் கொட்டைக்குப் பொகுட்டு என்று பெயர். அகராதி இவ்வளவுதான் தரும். பழைய பெயருக்கு, அதைத் தாங்கி வாழ்ந்தவர்கள் யார் என்பதும் சேர்த்துத்தான் அர்த்தம். அங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

யார் யாருக்கு இருந்தது

புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894-இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். இன்று உரையோடு பல பதிப்புகள் இருக்கின்றன. பதிப்பின் பின்னால் பாடப்பட்டோர் அகராதி இருக்கும். அதில் உங்கள் பெயரைத் தேடி, எந்தெந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக்கூட விடாமல் எல்லாப் பாட்டையும் படியுங்கள்.

நான் படித்ததில் என் மனதைப் பிடித்து நிறுத்தியது 102-ஆம் பாட்டு. பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு விற்கும் உமணர்கள் வண்டி கட்டிப் போகிறார்கள். மாடு இளசு, நுகம் பழகாதது. வண்டியில் பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, வழியில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சேம அச்சு. ஓடுகிற அச்சு முறிந்தால் அது கைகொடுக்கும். "நீ அந்தச் சேம அச்சு மாதிரி" என்று ஔவையார் அந்த இளைஞனைப் பார்த்துச் சொல்கிறார். நீ முழு நிலவு போன்றவன், உன் நிழலில் வாழ்பவர்களுக்கு இருட்டு எங்கே இருக்கிறது என்று முடிக்கிறார்.

இதை மருமகனிடம் சொன்னேன். ஓவர்லோடு, புது டயர், தொப்பூர் கணவாய் இறக்கம் எல்லாம் பார்த்த மனிதர். சேஸிஸுக்கு அடியில் ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டுதான் இன்றும் லாரி போகிறது. 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு' என்பதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "மாமா, இந்தப் பேரே இருக்கட்டும்" என்றார். ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்ல இதைவிடப் பெரிய வார்த்தை எனக்கும் தெரியவில்லை. வீரன் என்று எல்லோரையும் பாடலாம். முறிகிற நேரத்தில் கைகொடுப்பவன் என்று பாடியது எழினியைத்தான்.

இன்னும் இருக்கிறது. 392-ஆம் பாட்டில் ஔவையார் அவனை 'கொடும்பூண் எழினி' என்கிறார், வளைந்த அணிகலன் பூண்டவன் என்று. பெருஞ்சித்திரனார் வள்ளல்கள் ஏழு பேரைச் சொல்லும் 158-ஆம் பாட்டிலும் குதிரை மலைக்கு உரியவனாக 'கொடும்பூண் எழினி' வருகிறான். பாடப்பட்ட எழினி எல்லாம் ஒரே ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அதியர் குடியில் தலைமுறை தலைமுறையாக வந்த பெயர் இது. 230-ஆம் பாட்டில் வேறோர் எழினி போரில் இறந்துபோகிறான். தகடூரை ஆண்டவன். அரிசில் கிழார் அவனைப் 'பொய்யா எழினி' என்று சொல்லி அழுகிறார். நொடித்துப்போன உழவன் விதைநெல்லைத் தின்றுவிட்டதைப் போல நீ இவன் உயிரைத் தின்றுவிட்டாய் என்று எமனைத் திட்டுகிறார். விதைநெல்லின் அருமை தெரிந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வரி வலிக்கும்.

நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். பெயரில் ஏதாவது கசப்பு இருந்தால் அது இப்போதே தெரிய வேண்டும். நாளைக்குப் பையன் படித்துவிட்டு வந்து கேட்கக் கூடாது. அகநானூறு 36-இல், தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்துத் தோற்ற ஏழு பேரில் 'பொலம்பூண் எழினி' ஒருவன். 211-ஆம் பாட்டு இன்னும் கடுமையானது. சோழன் யானை பிடிக்க அழைத்தபோது ஓர் எழினி வரவில்லை. மத்தி என்பவன் போய் அவனைப் பிடித்து, அவன் பல்லைப் பிடுங்கி வெண்மணி வாயிற்கதவில் பதித்தானாம். மாமூலனார் அந்த எழினியைக் 'கல்லா எழினி' என்கிறார். இதையும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். என் மனைவிக்குத்தான் கொஞ்சம் சங்கடம். ஒரு பெயர் இத்தனை பேருக்கு இருந்தால் ஒருவன் அடிபடுவதும் நடக்கும் என்று நண்பர் சொன்னார். சரி என்று விட்டோம்.

நம் மண்ணோடு ஒட்டுகிறதா

எனக்கு இது முக்கியம். எங்கோ தூரத்துப் பெயராக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. 1965 அக்டோபர் 2 வரை தர்மபுரியும் சேலம் ஜில்லாதான். ஓமலூர், தொப்பூர் தாண்டினால் ஊர் வந்துவிடும். என் சம்பந்தி வீடு ஓமலூர், ஆக எழினி அவர்கள் பக்கத்து ஊர்க்காரன்.

பாட்டில் மட்டும் இல்லாமல் கல்லிலும் இந்தக் குடியின் பெயர் இருக்கிறது. அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் இவர்களோடு சத்தியபுத்திரர் என்றும் ஒருவரைச் சொல்கிறார். அது யார் என்று வெகுகாலம் வாதம் நடந்தது. 1981-இல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று ஒரே வரி, சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம் என்று அர்த்தம். அதியர்தான் சத்தியபுத்திரர் என்பதற்கு அந்தக் கல் பெரிய சான்றாகிவிட்டது. எழுத்து எழுதிப் பிழைப்பவன் என்பதால் அதன் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழினி என்ற பெயரே வேண்டுமென்றால் போளூருக்குப் பக்கத்தில் திருமலைச் சமணக் கோயிலுக்குப் போகலாம். பழைய எழினி ஒருவர் அமைத்த இயக்கன், இயக்கி என்ற சமணக் காவல் தெய்வங்களின் உருவங்கள் பழுதானபோது, அதே மரபில் பின்னால் வந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைத் திருத்தி வைத்ததாக அங்கே கல்வெட்டு சொல்கிறது.

உங்கள் பெயருக்கும் இப்படித் தேடுங்கள். பாட்டில் இருந்தால் எண், கல்லில் இருந்தால் ஊர். இரண்டில் ஒன்றாவது கைக்குக் கிடைத்தால்தான் அது பழைய பெயர். 'சங்க காலப் பெயர்' என்று சொல்லிக்கொண்டு இப்போது செய்த பெயர்கள் நிறைய உலவுகின்றன. புதிதாகச் செய்த பெயர் வைப்பதும் தப்பில்லை. ஆனால் தெரிந்தே வைக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை 1880-இலிருந்து எந்தப் பெயர் எத்தனை குழந்தைக்கு வைக்கப்பட்டது என்று வருஷவாரியாக வெளியிடுகிறது. 5 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெயரைக் காட்டாது. நமக்கு அப்படிப் புரட்டிப் பார்க்கும் பட்டியல் இல்லை. ஆனால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பாகம் பாகமாகத் தமிழிலேயே கிடைக்கும். உங்கள் வார்டு, சொந்த ஊர் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தடவிப் படியுங்கள். ஒன்று ஞாபகம் வையுங்கள். அதில் 18 வயது ஆனவர்கள்தான் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் நிலவரம் தெரிய அங்கன்வாடி டீச்சரையும் ஒன்றாம் வகுப்பு டீச்சரையும் கேட்க வேண்டும். பெயர் மட்டும் சொல்லுங்கள் என்றால் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

என்னிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. எழுதிய பெயர்களை எல்லாம் நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். ஆரம்ப வருஷங்களில் செந்தில், முருகன், பழனிசாமி, பெருமாள். அப்புறம் கார்த்திக், சதீஷ், பிரகாஷ். அதற்குப் பின்னால் 'ஷ்' என்று முடிகிற பெயர்களாக வந்து குவிந்தன. கொஞ்ச வருஷமாகக் கவின், மகிழன், இனியன், யாழினி என்று தமிழ்ப் பெயர்கள் திரும்பி வருகின்றன. இதை எழுதும்போது என் கைக்கே ஒரு தெம்பு வருகிறது. நோட்டு முழுவதும் தேடியதில் எழினி இரண்டு முறை இருந்தது. இரண்டும் பெண் பிள்ளைகள்.

இது இப்போது பெண் பெயராக மாறிவருகிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். யாழினி, நந்தினி என்ற வரிசையில் காதுக்கு அப்படிக் கேட்கிறது. பாட்டில் நான் பார்த்த எழினிகள் எல்லாரும் ஆண்கள். இகரத்தில் முடிவது பெண்ணுக்கு என்று பழைய தமிழ் நினைக்கவில்லை. கொல்லிமலை ஓரி, முள்ளூர் மலைக் காரி, வேளிர் பாரி எல்லாம் இகரத்தில்தான் முடிகின்றன. பாரி என்றால் யாரும் பெண் என்று நினைப்பதில்லை, அதே காதுதான் எழினிக்கும் பழக வேண்டும். எனக்கு இதில் உறுதி இருந்தது. உங்களுக்கு இல்லை என்றால் வேறொரு வழி உண்டு. புறநானூறு 396-இல் மாங்குடி கிழார் பாடிய வாட்டாற்று எழினியாதன் இருக்கிறான். எழினியாதன் என்று வைத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பொகுட்டெழினி என்று முழுதாக வைப்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

கூப்பிட்டுப் பார்த்து, எழுதிப் பார்த்து, பதிவது

வாசலில் நின்று தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். எங்கள் பக்கம் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். சம்பந்தியம்மா 'எளினி' என்றுதான் கூப்பிட்டார். முதலில் எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் அவர் வாயில் அது அன்பாக வந்தது. பேச்சில் எப்படி வந்தாலும் எழுத்தில் ழி என்பதை விடக் கூடாது என்று முடிவு செய்தோம். அவருக்கு இன்னொரு கவலை இருந்தது, நட்சத்திரத்துக்குப் பொருந்துமா என்று. பையன் கார்த்திகை நான்காம் பாதம். பஞ்சாங்கத்தில் கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்றிருந்தது. அதில் அவர் மனம் குளிர்ந்துவிட்டது. இதில் நம்பிக்கை உள்ள பெரியவர்களின் பேச்சை ஒதுக்காதீர்கள். கடைசி வரை அந்தப் பெயரைச் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்.

தமிழில் மூன்றே எழுத்து: எ, ழி, னி. இரண்டு சுழி னி. ஆங்கிலத்தில் இ, இசட், எச், ஐ, என், ஐ. ழகரத்துக்கு இசட் எச் போடுவதுதான் இன்றைக்குப் பரவலாக உள்ள வழக்கம். எல் போட்டால் வெளியூர்க்காரர் எலினி என்றுதான் படிப்பார். எதைப் போட்டாலும் எல்லாத் தாளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவரின் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து என்று பதிந்துவிட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது அந்தப் பையன் பல மாதம் அலைந்தான். ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லி எழுத வைக்காதீர்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம், கையில் வந்த பெயரை அவசரத்தில் எழுதாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பின் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஆனால் ஒரு முறை எழுதிய பெயரை மாற்றுவது பெரிய வேலை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்றாக இந்தத் தாளைத்தான் கேட்பார்கள். அதனால் நாங்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டோம். முப்பதாம் நாள் தொட்டில் போட்டபோது காதில் சொன்னது எழினி. ஆனாலும் இன்னும் ஒரு மாதம் கூப்பிட்டுப் பழகிய பிறகுதான் பதிவில் பெயரைச் சேர்த்தோம். சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். தமிழில் ழி, இரண்டு சுழி னி, ஆங்கிலத்தில் இசட் எச், அப்பா பெயர், அம்மா பெயர், பாலினம் ஆண். எல்லாம் சரி.

போன மாதம் மருமகனின் வண்டி எஃப்.சி.க்காகப் பெயின்ட் அடிக்க வந்தது. நெற்றியில் நடுவே அவர்கள் குலதெய்வம் ஏற்கெனவே இருந்தது. இடது ஓரத்தில் மஞ்சளில் எழினி என்று எழுதினேன், ழியின் கால் கீழ்க்கோட்டைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டெப்னி கட்டும் சட்டத்தில் சின்னதாக இன்னொரு முறை எழுதிவிட்டு வந்தேன்.